முதல் கவளமும் தாயின் அச்சமும்

(காரைக்குடியில் அட்சய திருதியை விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

அட்சய திருதியை என்றால் இக்காலத்தில் பலருக்கும் நகைக்கடை விளம்பரமே நினைவுக்கு வருகிறது. சமணர்க்கு அது ஆகாரதானத் திருநாள். ஆதிபகவன் விருஷபதேவர் துறவு பூண்டு, ஆறு திங்கள் யோகத்தில் நின்று, பின்னர் உணவேற்க ஊர்தோறும் எழுந்தருளினார். மக்களோ யானையையும் பொன்னையும் மணியையும் கொண்டுவந்து அவர் முன் வைத்தனர். அவர்களிடம் அன்புக்குக் குறைவில்லை. துறவிக்கு உணவளிக்கும் முறைதான் எவருக்கும் தெரியவில்லை. அஸ்தினாபுரத்துச் சிரேயாம்ச குமாரன் முற்பிறவி நினைவால் அம்முறையை உணர்ந்து கருப்பஞ்சாற்றை ஏந்தி நின்றான். பாரணை நிறைவேறிற்று.

முறை தெரியாமையால் உணவு தடைப்படுவது புராண காலத்தோடு முடிந்துவிடவில்லை. ஆறு மாதக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் இல்லங்களில் அது இன்றும் நிகழ்கிறது. ஆதிபுராணம் கூறும் 53 கிரியைகளுள் அன்னப்பிராசனமும் ஒன்று. அக்கிரியை முடிந்த மறுநாள் அடுக்களையில் நடப்பதைப் பற்றியே இவ்வுரை.

வந்தவாசிப் பக்கத்திலிருந்து வேலையின் பொருட்டுக் காரைக்குடியில் வந்து குடியேறிய ஓர் இளங்குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். இப்படியோர் இல்லம் எந்த ஊரிலும் உண்டு. மகவுக்கு ஆறு மாதம் நிறைந்ததும் தாய் மசித்த வாழைப்பழத்தை ஊட்டினாள். இரண்டாம் வாயிலேயே குழந்தை நாக்கை வெளியே தள்ளி ஓங்கரித்தது. முகம் சிவந்தது, கண்ணில் நீர் கோத்தது. அவள் நடுநடுங்கிப் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அன்று முதல் எதையும் துணியில் வடிகட்டியே கொடுக்கிறாள். ஊரிலிருந்து மாமியார் தொலைபேசியில், “பருப்புச்சாதம் குழைத்துக் கொடம்மா” என்கிறார். கணவரோ, “பல் முளைக்கட்டும், பார்க்கலாம்” என்கிறார். குழந்தைக்கு இப்போது ஒன்பது மாதம் கடந்துவிட்டது. இன்னமும் கஞ்சித் தெளிவுதான்.

இந்த அச்சத்தை எள்ளி நகையாடலாகாது. ஏழு வகை அச்சங்களினின்றும் நீங்கியவரே நற்காட்சியுடையார் என்று ஆசாரிய குந்தகுந்தர் சமயசாரத்தில் உரைக்கிறார். அவ்வேழனுள் ஒன்று அகஸ்மாத் பயம். எதிர்பாராதது ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்ற நடுக்கம். ஆனால் கையில் குழந்தையோடு நிற்கும் இல்லறத்தாளிடம் போய், “அஞ்சாதே” என்று மட்டும் சொல்வது பயன்படாது. அஞ்சப்படும் பொருள் எத்தகையது என்று அவளுக்குக் காட்ட வேண்டும்.

தமிழில் இதற்கென மூன்று சொற்கள் வெவ்வேறாகவே இருக்கின்றன: ஓங்கரிப்பு, புரையேறல், மூச்சடைப்பு. அஞ்சும் உள்ளம் இம்மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது.

ஓங்கரிப்பு என்பது காவல். பெரியவர்களுக்கு அடிநாக்கில் விரல் பட்டால்தான் குமட்டும். ஆறு மாதக் குழந்தைக்கோ அந்த உணர்விடம் நாக்கில் வெகு முன்னாலேயே அமைந்திருக்கிறது. மெல்லத் தெரியாத உணவு தொண்டையை எட்டுமுன்பே அதை முன்னுக்குத் தள்ளிவிட இயற்கை வைத்த ஏற்பாடு இது. உண்டு பழகப் பழக அவ்விடம் பின்னோக்கி நகரும். ஓங்கரிப்பும் தானே குறையும். ஓங்கரிக்கும் குழந்தையிடம் ஒலி இருக்கும், முகம் சிவக்கும், நாக்கு வெளியே வரும். புரையேறும்போது இருமல் வரும். வலுவாக இருமுகிற குழந்தைக்குக் காற்று போய்வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இவ்விரண்டிலும் தாய் செய்யத்தக்கது, அருகில் அமைதியாக அமர்ந்து காத்திருப்பதே. பதறி வாயினுள் விரலை விட்டால், முன்னுக்கு வந்துகொண்டிருந்த பருக்கை பின்னுக்குப் போய்விடக்கூடும்.

மூச்சடைப்போ ஒலியற்றது. அழ முயன்றும் அழுகை எழாது. இருமல் வராது, அல்லது நலிந்து போகும். உதடு நீலம் பாரிக்கும். ஆகவே உணவு வேளையில் ஆரவாரத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது திடீர் மௌனத்துக்கே. இதனால்தான் குழந்தை உண்ணும்போது ஒருவர் எதிரே இருந்தாக வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துகின்றனர். பின்கட்டில் வேலை பார்த்துக்கொண்டே காதை இப்பக்கம் வைத்திருப்பது போதாது.

நியூசிலாந்தில் 206 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு, கரண்டியால் மசியல் ஊட்டப்பெற்ற குழந்தைகளையும், இடர் தரும் உணவுகளைத் தவிர்க்குமாறு பெற்றோர்க்கு அறிவுறுத்தப்பெற்றுத் தாமே மென்துண்டுகளை எடுத்துண்ட குழந்தைகளையும் ஒப்பிட்டது. மூச்சடைப்பு நேர்ந்த அளவில் இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வேறொன்று காணப்பட்டது: எச்சரிக்கப்பட்டிருந்தும் இரு சாராரிலும் பெரும்பாலோர் ஓராண்டு நிறைவதற்குள் இடர் தரும் உணவு ஏதேனும் ஒன்றைக் கொடுத்தே இருந்தனர். கெட்டியான குழைவைக் கண்டு நடுங்கும் கை, கடினமான சிறு பண்டத்தைக் கவலையின்றி நீட்டிவிடுகிறது போலும்!

செட்டிநாட்டு வீட்டில் இது எளிதில் நேரக்கூடியது. விழாவென்றால் பலகாரம், பலகாரமென்றால் சீடையும் முறுக்கும் மனகோலமும். திண்ணையில் நிலக்கடலை, பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை. ஆத்தங்குடிப் பூக்கல் தரையின் வண்ணக் கோலத்தில் உதிர்ந்த ஒரு கடலைப் பருப்பு பெரியவர் கண்ணுக்குப் புலப்படாது; தவழும் பிள்ளை கண்டுபிடித்துவிடும். ஓராண்டுக் குழந்தையின் மூச்சுக்குழல் ஏறத்தாழ அதன் சுண்டுவிரல் பருமனே இருக்கும். அரைக்கும் கடைவாய்ப் பற்களும் இல்லை. எனவே முழு நிலக்கடலை, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலைச் சுண்டல், முழுத் திராட்சை, பச்சை ஆப்பிள் துண்டு, சோளப்பொரி, கெட்டி மிட்டாய் ஆகியவை சிறுகுழந்தைக்கு ஆகா. முழுக் கடலை வகைகளை ஐந்து வயது வரை தள்ளிவைப்பதே நன்று. திருநாளின் சிறப்புப் பொருளாயினும் கரும்புத் துண்டும் அப்படியே. ஆதிபகவன் ஏற்றதும் சாறுதானே!

பிலடெல்பியாவில் செவாலியர் ஜாக்சன் என்றொரு மருத்துவர் இருந்தார் (1865–1958). உணவுக்குழலிலும் மூச்சுக்குழலிலும் சிக்கியவற்றைக் கருவியால் எடுத்து, எடுத்தவற்றையெல்லாம் சேமித்து வைத்தார். 2,374 பொருள்கள் அந்நகர் மூட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஊசி, பொத்தான், நாணயம், கொட்டை என இழுப்பறை இழுப்பறையாக இருக்கும் அத்தொகுப்பில், குழைத்த பருப்புச்சாதத்துக்கு இடம் ஏது?

தள்ளிப்போடுவதிலும் தீங்கு உண்டு. அது ஓசையின்றி வருவதால் எவரும் அதற்கு அஞ்சுவதில்லை. ஆறு மாதத்துக்குப் பின் தாய்ப்பால் மட்டும் குழந்தையின் இரும்புச்சத்துத் தேவைக்குப் போதாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரையுள்ள குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை. கஞ்சித் தெளிவு வயிற்றை நிரப்புமே அன்றி உடலை வளர்க்காது. கரண்டியைச் சாய்த்தாலும் வழியாமல் நிற்கும் கெட்டிதான் உணவு. மேலும், இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் பிறந்த குழந்தைகளைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தபோது, ஒன்பது மாதத்துக்குப் பின்னரே கட்டியுள்ள உணவைக் கண்ட பிள்ளைகள் ஏழு வயதிலும் உணவில் முரண்டு பிடிப்பது மிகுதியாகக் காணப்பட்டது. பல் முளைக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. ஈறே மென்மையானதை நசுக்கும்.

முறை எளியது. குழந்தை தலை நிமிர்ந்து, சிறு தாங்கலோடு நேரே உட்கார வேண்டும். மடியில் மல்லாத்திச் சங்கில் புகட்டுவதும், மூக்கைப் பிடித்து விழுங்க வைப்பதும் மூச்சுக்குழலுக்கு வழிகாட்டுவன. நடந்துகொண்டும் சிரித்துக்கொண்டும் கைப்பேசியைக் காட்டிக்கொண்டும் ஊட்டலாகாது. விரலால் அழுத்தினால் மசியும் எதுவும் உதவும்: வேகவைத்த மஞ்சள் பூசணி, சுரைக்காய், ஆவியில் வெந்த நேந்திரன்பழம், பச்சைப்பயறு சேர்த்துக் குழைத்த சோறு, கேழ்வரகுக் கூழ், இட்லி. கிழங்கு விலக்கும் இல்லத்தார்க்கு இதில் எக்குறையும் இல்லை. முதலில் மசியல், பின் கரகரப்பான மசியல், பின் சிறு கட்டிகள், எட்டொன்பது மாதத்தில் கையில் பிடிக்கும் மென்துண்டு. அயலார் அன்போடு நாவில் தடவவரும் தேனைச் சமணர் ஊனோடும் கள்ளோடும் சேர்த்து விலக்கினர். குழந்தைக்கு நஞ்சாகத்தக்க நுண்ணுயிர் வித்து தேனில் இருக்கக்கூடுமாதலின், ஓராண்டு நிறையாத எக்குழந்தைக்கும் அது வேண்டா என்கிறது மருத்துவம். பொழுது சாயுமுன் உண்ணும் நெறியும் இங்கே கைகொடுக்கிறது. தூக்கக் கலக்கமில்லாத பகல் வெளிச்சத்தில் வாயினுள் இருப்பது நன்கு தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் மூச்சடைப்பு நேர்ந்தால்? இதை அறிந்து வைத்திருப்பதே அச்சத்துக்குப் பெருமருந்து. ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையின்மேல் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தாடையைத் தாங்கிக்கொண்டு, தோள்பட்டைகளின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்ட வேண்டும். வெளிவராவிடில் மல்லாத்தி, தலை தாழ்ந்தவாறே, மார்பின் நடுவே ஐந்து முறை அழுத்த வேண்டும். பொருள் வெளிவரும் வரை, அல்லது குழந்தை அழும் வரை மாறிமாறிச் செய்தல் வேண்டும். இன்னொருவர் உடனே 108ஐ அழைக்க வேண்டும். குழந்தை துவண்டுவிட்டால் உயிர்காப்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும். பெரியவர்க்குச் செய்வதுபோல வயிற்றை அழுத்தலாகாது, கண்ணுக்குத் தெரியாததை விரலால் துழாவலாகாது, தண்ணீர் ஊற்றலாகாது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடலாகாது. கேட்டதோடு நில்லாமல், தாயும் தந்தையும் பாட்டியும் ஒரு மருத்துவரிடமோ செவிலியரிடமோ பொம்மையை வைத்து ஒருமுறை செய்து பழகிக்கொள்வது நல்லது.

அந்த இளந்தாயிடம் திரும்பலாம். ஒரு முற்பகலில் அவள் பிள்ளையைச் சுவரோரம் நேராக உட்கார வைக்கிறாள். எதிரே தானும் அமர்கிறாள். வெந்த பூசணியை விரலால் நசுக்கிப் பார்த்து, கரண்டி நுனியளவு நீட்டுகிறாள். குழந்தை வாங்கிக்கொள்கிறது, ஓங்கரிக்கிறது, முகம் சிவக்கிறது. அவள் இரு கைகளையும் மடியில் இறுகக் கோத்தபடி அதன் ஒலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பூசணி நாக்கின் நுனிக்கு வருகிறது. மீண்டும் உள்ளே போகிறது. குழந்தை விழுங்கிவிட்டுக் கரண்டியைப் பார்க்கிறது.