பழைய தகர டப்பாவில் ஓர் எஞ்சின்

மரக்காணம் உப்பளங்களில் வெயில் உப்புநீரை வற்றவைத்து உப்பாக்குகிறது. ஆனால் பாத்திக்கு அந்த நீரை இறைக்க டீசலோ மின்சாரமோ வேண்டும். வெப்பமே நீரை இறைக்காதா? இறைக்கும்.

1816-ல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டிர்லிங் வெப்பக்காற்று எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். 1818-ல் அது ஒரு கல்குவாரியில் தண்ணீர் இறைத்தது. 1980-களில் நம் சென்னையிலேயே உமியை எரித்து ஓடும் ஸ்டிர்லிங் எஞ்சின்கள் தயாராயின.

சூட்சுமம் எளிது. மூடிய உருளைக்குள் உள்ள காற்று, சூடான பக்கம் போனால் விரிந்து பிஸ்டனைத் தள்ளும். குளிர்ந்த பக்கம் வந்தால் சுருங்கி இழுத்துக்கொள்ளும். வால்வும் இல்லை, கொதிகலனும் இல்லை.

இதன் சிறு மாதிரியைக் காயலான் கடைப் பொருட்களிலேயே செய்யலாம். தகர டப்பா உருளையாகும், பலூன் ரப்பர் பிஸ்டனாகும், வளைத்த சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி கிராங்க் ஆகும், பழைய சி.டி.க்கள் சுழல்சக்கரமாகும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை உருட்டி உள்ளே தொங்கவிட்டால், அது ஏறி இறங்கிக் காற்றை இடம் மாற்றும். அது சுவரில் உரசக் கூடாது. டப்பாவில் காற்று கசியக் கூடாது. பிஸ்டனுக்கும் நாருக்குமான கிராங்கின் இரண்டு வளைவுகளும் 90 பாகை விலகி இருக்க வேண்டும். அடியில் மெழுகுவத்தி, மேல்பக்கம் குளிர்ந்த நீர். கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் ஓடும்.

இந்த மாதிரி பம்பை இயக்காது. ஆனால் வெப்பம் வேலையாக மாறுவதைக் கண்ணால் காட்டும். ஓர் எச்சரிக்கை: மூடிய டப்பாவுக்குள் தண்ணீர் ஊற்றிச் சூடாக்காதீர்கள், வெடிக்கும். ஆசிரியர்களே, பெற்றோர்களே, விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒன்று செய்து பாருங்கள்.