வெண்மையின் விலை

(அறநிலைய ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், இலக்கியம் பற்றிப் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியம் எழுதப்படும் தாள். அதிலும் குறிப்பாக, அத்தாளின் வெண்மை. இவ்வெண்மை எங்கிருந்து வருகிறது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதே என் உரை.

முதலில் என் குற்றம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஒரு மாணவன் பழுப்பு நிறத்தாளில் தைத்த கட்டுரை ஏட்டைக் கொண்டுவந்தான். எழுத்து மணி மணியாக இருந்தது. ஆயினும், "இது என்ன, மளிகைக் கடைப் பொட்டலமா?" என்று கேட்டு, வெள்ளை ஏடு வாங்கி வரும்படி திருப்பி அனுப்பினேன். வகுப்பு சிரித்தது. அவன் தலைகுனிந்தான். மறுவாரம் வெள்ளை ஏட்டுடன் வந்தான். அதை வாங்க அவன் வீட்டில் எதைக் குறைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. வெள்ளைதான் தூய்மை என்பதில் எனக்கு அன்று ஐயமே இருந்ததில்லை.

மரம் இயல்பில் வெண்மையானதன்று. அதன் உடலில் ஏறத்தாழ பாதி செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள். அந்நார்களை ஒன்றோடொன்று இறுகப் பிணைத்து நிற்பது லிக்னின் என்னும் பசை போன்ற பொருள். மரத்திற்கு மரம் வேறுபட்டாலும், இருபது முதல் முப்பது விழுக்காடு வரை இருக்கும். மரத்தை நிமிர்ந்து நிற்கச் செய்வதும் அதுவே. தாளைப் பழுப்பாக்குவதும் அதுவே. செய்தித்தாளை வெயிலில் போட்டால் மஞ்சளாவதைப் பார்த்திருக்கிறோம். அரைத்த மரக்கூழில் லிக்னின் நீங்காமல் தங்கியிருப்பதே அதற்குக் காரணம்.

அதை நீக்கும் முறையை நம் ஊர்ச் சலவைத்துறையைக் கொண்டே விளக்கலாம். முன்னாளில் அழுக்குத் துணியை உவர்மண் நீரில் தோய்த்து வெள்ளாவி வைத்தார்கள். உவர்மண்ணின் காரமும் நீராவியின் வெப்பமும் சேர்ந்து அழுக்கை இளக்கின. தாள் ஆலையில் நடப்பதும் ஒருவகை வெள்ளாவிதான். மரத்தைச் சிறு சில்லுகளாக வெட்டி, காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில், பெரிய அழுத்தக் கலங்களில் ஏறத்தாழ 170 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வேகவைக்கிறார்கள். லிக்னினின் பெரும்பகுதி கரைந்து கருநீராக வெளியேறுகிறது. எஞ்சும் கூழ் நார் மிகுந்தது, வலிமை வாய்ந்தது, ஆனால் பழுப்பு நிறத்தது. அட்டைப் பெட்டியின் நிறம் அது. அந்நிலையிலேயே அதில் எழுதலாம், அச்சிடலாம்.

வெண்மை வேண்டுமென்றால் எஞ்சிய சிறு பகுதி லிக்னினையும் விரட்ட வேண்டும். அங்கேதான் வெளுப்பு வேதிப்பொருள்கள் வருகின்றன. சுவீடனின் ஷீலே 1774இல் குளோரின் வாயுவைக் கண்டறிந்தார். பிரான்சின் பெர்த்தோலே 1785இல் அது நிறம் போக்கும் என்று காட்டினார். 1799இல் டென்னன்ட் என்பவர் சலவைத்தூளுக்குக் காப்புரிமை பெற்றார். புல்வெளியில் மாதக்கணக்கில் துணியை விரித்து வெயிலில் வெளுத்துவந்த ஐரோப்பா, நாள் கணக்கில் வெளுக்கக் கற்றுக்கொண்டது. துணிக்கு வந்தது பின்னர்த் தாளுக்கும் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், முதலில் குளோரின், பின்பு காரக் கழுவல், அதன்பின் ஹைப்போகுளோரைட் என்று படிப்படியாகக் கூழை வெளுத்தார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு கழுவல். ஒவ்வொரு கழுவலுக்கும் நீர். அந்நீர் எல்லாம் எங்கோ போக வேண்டும்.

குளோரின் லிக்னினைக் கரைப்பதோடு நிற்பதில்லை. அதனோடு தானும் கூடிக்கொள்கிறது. அக்கூட்டினால் பல நூறு வகையான குளோரின் சேர்ந்த கரிமப் பொருள்கள் உண்டாகின்றன. அவற்றுட் சில எளிதில் சிதையா. மீனின் கொழுப்பிலும், அதை உண்ணும் உயிர்களின் கொழுப்பிலும் சேர்ந்துகொண்டே போகும். 1980களில் அமெரிக்க நாட்டுத் தாள் ஆலைகளின் கீழ்நீரில் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு கண்டறியப்பட்ட பிறகே உலகம் விழித்தது.

பெருமக்களே, இது அயல்நாட்டுக் கதை என்று நினைக்க வேண்டா. நம்முடைய பழநி மலைக்கு வாருங்கள்.

பழநி மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் ஐவர்மலை இருக்கிறது. பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், சாந்திவீரக் குரவர் பார்சுவ படாரரின் திருமேனியையும் இயக்கியரையும் புதுக்கி, பொன் நிவந்தம் அளித்த செய்தி அங்கே கல்லில் இருக்கிறது. அக்கல் எழுத்துக்கு வெண்மை தேவைப்படவில்லை.

அம்மலையின் மேற்பரப்பில், கொடைக்கானலைச் சூழ்ந்து, இரண்டு இயற்கைகள் அருகருகே வாழ்ந்தன. மடிப்புகளில் அடர்ந்த சோலை. மேட்டில் திறந்த புல்வெளி. சோலை என்ற நம் சொல்லையே ஆங்கிலேயர் அப்படியே எடுத்து அறிவியல் நூல்களில் வழங்கினர். புல்வெளிக்கு அந்தப் பேறும் கிடைக்கவில்லை. அது வெறும் தரிசு என்று எண்ணப்பட்டது. உண்மையில் மழைநீரை உறிஞ்சி, கோடையிலும் மெல்ல மெல்ல ஓடைகளுக்கு விடுவதில் சோலைக்கும் புல்லுக்கும் சேர்ந்தே பங்குண்டு.

விடுதலைக்குப் பின் நாட்டுக்கு விறகு வேண்டியிருந்தது. தோல் பதனிடப் பட்டை வேண்டியிருந்தது. ஆலைகளுக்கு மரக்கூழ் வேண்டியிருந்தது. ஆகவே அப்புல்வெளிகளில் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட வாட்டில் மரமும், யூகலிப்டஸும், பைனும் பெருமளவில் நடப்பட்டன. வாட்டிலை மலைமக்கள் சீகை மரம் என்பர். நட்டவர்கள் தீயவர்கள் அல்லர். மரம் நடுவது அறம் என்றே நாமும் பிள்ளைகளுக்குக் கற்பித்தோம். ஆனால் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, 1973க்கும் 2014க்கும் இடையில் பழநி மலையின் புல்வெளியில் 66 விழுக்காடும், சோலையில் 31 விழுக்காடும் குறைந்துவிட்டதாகக் கணக்கிட்டது. அயல் மரத் தோட்டங்களும் வேளாண்மையும் அவ்விடத்தைப் பிடித்தன.

நீலகிரியிலும் பழநி மலையிலும் வளர்ந்த மரங்கள், மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில் பவானிக் கரையில் இயங்கிய தென்னிந்திய விஸ்கோஸ் ஆலைக்குச் சென்றன. அங்கே மரம் கூழாகி, வெளுக்கப்பட்டு, ரேயான் இழையானது. எழுதும் தாளுக்கான கூழைவிட, இழைக்கான கூழ் இன்னும் தூய்மையாக, ஏறத்தாழ முழுவதும் செல்லுலோஸாகவே இருக்க வேண்டும். எனவே வேதிமுறையும் கழுவலும் இன்னும் கடுமையானவை. ஆலைக்குக் கீழே பவானிசாகர் நீர்த்தேக்கம். கழிவுநீரால் ஆறு கெடுகிறது என்று மீனவரும் உழவரும் பல ஆண்டுகள் போராடினர். வழக்குகள் நடந்தன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலை நின்றது. அதை நம்பி வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களும் அதனால் துன்புற்றன என்பதையும் நாம் மறத்தலாகாது.

இவ்விடத்தில் என் தாயாரை நினைக்கிறேன். புழுவைக் கொன்று எடுப்பது என்பதால் அவர் பட்டு உடுத்தமாட்டார். திருமணங்களுக்குச் செயற்கைப் பட்டுச் சேலைதான். "இதில் ஓர் உயிரும் போகவில்லை" என்று மனநிறைவோடு கொசுவத்தை நீவிவிடுவார். செயற்கைப் பட்டு என்பது ரேயானே. மரக்கூழை வெளுத்து, கரைத்து, நூற்ற இழை. அந்த வெளுப்பின் கழிவு ஆற்றில் கலக்கும்போது எத்தனை மீன், எத்தனை கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்! என் தாயார் ஏமாற்றவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் நாம் இன்று அறிந்திருக்கிறோம். நீரை வடிகட்டாமல் அருந்தாத மரபு நம்முடையது. குடத்து நீரில் உள்ள உயிருக்கு இரங்கும் நாம், நம் பொருட்டு ஓர் ஆற்றில் ஊற்றப்படும் நீரைப் பற்றிக் கேட்காமல் இருக்கலாமா?

குளோரினுக்கு இன்னொரு பின்கதையும் உண்டு. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தியே குளோரினும் காஸ்டிக் சோடாவும் பெறப்படுகின்றன. பழைய முறையில் அதற்குப் பாதரசம் பயன்பட்டது. பாதரசம் என்றால் என்ன என்பதைக் கொடைக்கானல் மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவ்வூரின் வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது எதனால் என்பதை அவர்கள் வாழ்ந்து அறிந்தவர்கள்.

நல்ல செய்தியும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. இன்று பல ஆலைகள் வெறும் குளோரினைக் கைவிட்டுவிட்டன. முதலில் ஆக்சிஜனைக் கொண்டு லிக்னினைக் குறைத்துவிட்டு, பிறகு குளோரின் டையாக்சைடால் வெளுக்கின்றன. பெயரில் ஒற்றுமை இருந்தாலும் செயல் வேறு. அது லிக்னினோடு கூடுவதைவிட அதை உடைத்துச் சிதைப்பதே மிகுதி. ஆதலால் நச்சுக் கூட்டுப்பொருள்கள் மிகவும் குறைகின்றன. ஓசோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கொண்டு குளோரினே இல்லாமல் வெளுக்கும் ஆலைகளும் உலகில் உண்டு. நம் கரூர் மாவட்டத்துப் புகளூர் தாள் ஆலை, கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு தொடங்கப்பட்டது. அதே நிறுவனம் முதுமலைக் காட்டில் பரவிய சென்னா என்னும் அயல் மரத்தை அகற்றிக் கூழாக்கும் பணியிலும் அண்மையில் ஈடுபட்டது. காட்டை அழித்த தேவையே, முறையாகச் செலுத்தினால், காட்டை மீட்கவும் உதவும் என்பதற்கு இது சான்று.

இனி, நாம் செய்யத்தக்கது என்ன? வெண்தாளே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். லிக்னின் நீங்கிய தாள் நெடுநாள் நிலைக்கும். சாத்திர தானமாக நாம் அச்சிடும் நூல்கள் பேரப்பிள்ளைகள் கைக்கும் போய்ச் சேர வேண்டும். அவற்றுக்கு நல்ல தாள் தக்கதே. ஆனால் ஒருநாள் வாழும் அழைப்பிதழுக்கு என்ன வெண்மை வேண்டிக்கிடக்கிறது? அன்னதான அறிவிப்புக்கும், நன்கொடை உறைக்கும், வரவு செலவு அறிக்கைக்கும் பழுப்புத் தாள் போதாதா? பளபளக்கும் தாள்கள் பலவற்றில், சேலைக்குச் சொட்டு நீலம் போடுவதுபோல, ஒளிகூட்டும் சாயமும் சேர்க்கிறார்கள். அவ்வொளியால் படிப்பவர் கண்ணுக்குக் கூச்சமே தவிர, பொருளுக்கு விளக்கமில்லை.

ஆகவே அறநிலையத்தாரிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று: அடுத்த ஆண்டு முதல் அழைப்பிதழும் அறிவிப்பும் வெளுக்காத தாளில் வரட்டும். இரண்டு: மலரும் நூல்களும் அச்சிடும்போது, தாள் குளோரின் வாயு இன்றி வெளுக்கப்பட்டதா என்று அச்சகத்தாரிடம் கேட்டுப் பெறுவோம், கேட்பவர் பெருகினால் கொடுப்பவரும் பெருகுவர். மூன்று: ஆண்டுதோறும் நாம் ஏழைப் பிள்ளைகளுக்கு வழங்கும் குறிப்பேடுகளில் ஒரு பகுதியாவது பழுப்புத் தாளாக இருக்கட்டும். ஆனால் அவற்றை ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்துவிட வேண்டா. நம் வீட்டுப் பிள்ளைகளும் அதே ஏட்டில் எழுதட்டும். இல்லாவிட்டால் நான் அன்று செய்த பிழையை அறநிலையம் மீண்டும் செய்ததாகிவிடும்.

நம் முன்னோரின் ஓலைச்சுவடியை எண்ணிப் பாருங்கள். பழுப்பு ஓலையில் எழுத்தாணியால் கீறி, மை தடவினார்கள். கரிய எழுத்து தெளிவாக நின்றது. அந்த நிறத்தைப் பார்த்து யாரும் ஓலையைத் தாழ்வாக எண்ணவில்லை. வெளுத்ததெல்லாம் பாலன்று என்ற பழமொழியை நாற்பது ஆண்டுகள் வகுப்பில் விளக்கியவன் நான். அதன் பொருள் எனக்கே பிந்தித்தான் விளங்கிற்று.

அந்த மாணவன் இப்போது எங்கிருக்கிறானோ அறியேன். இந்த மலர் அவன் கைக்குக் கிடைக்குமாயின், அவன் ஆசிரியர் அவனிடம் பொறுத்தருளும்படி கேட்டுக்கொண்டதாக அறிக.