கொழுந்தும் கூரையும்

மணிமுத்தாறு வழியாக மலையேறினால் மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற காட்டில் பம்பாய் பர்மா நிறுவனம் போட்ட தேயிலைத் தோட்டம். காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று மேலே மேலே போகும்.

தொழிலாளர்களுக்கு வேலை இருக்கும்வரை தோட்டத்து வீடு. வேலை போனால் வீடும் போகும். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் நிலை இதுதான். கூலி உயர்வும், கைதான சக தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு 1999 ஜூலை 23-இல் நெல்லையில் ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் 17 உயிர்கள் தாமிரபரணி ஆற்றில் போயின. நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

குத்தகை 2028-இல் முடிகிறது. 2024-இலேயே நிறுவனம் விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்திவிட்டது.

தேயிலைக் கொழுந்து என்றால் இரண்டு இலை, ஒரு மொட்டு. கண் பார்க்குமுன் விரல் கிள்ளி, முதுகுப் பைக்குள் போட்டுவிடும். பெருமைப்படத்தக்க கைத்திறன் அது. மலையிறங்கினால், கீழே சமவெளியில் அதற்கு ஏது வேலை?

குத்தகை முடிந்ததும் காடு மீண்டும் காடாகட்டும், தாமிரபரணிக்கு அது வேண்டும். ஆனால், அந்த மலையின் மழையும் தடமும் அறிந்த இந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கே அங்குள்ள வனத்துறை வேலைகளில் முதலிடம் தர வேண்டும். இவர்கள் குடியேறும் வீட்டுக்குப் பட்டாவும் கையோடு தர வேண்டும்.