விற்கும் உரிமை யாருக்கு?

இணையதளங்களின் விளம்பர இடங்கள் இன்று ஏலச் சந்தைகளில் இயந்திரங்களின் வாயிலாக விற்கப்படுகின்றன. 2017-ஆம் ஆண்டில் லண்டன் 'ஃபைனான்ஷியல் டைம்ஸ்' பத்திரிகை அச்சந்தைகளை ஆராய்ந்தது. தன் பெயரைப் பொய்யாகச் சூட்டிப் பிறர் விற்று வந்த இடங்களின் மதிப்பு மாதம் ஏறத்தாழ 10 லட்சம் பவுண்டு எனக் கணக்கிட்டது!

இதற்குப் பரிகாரமாக அவ்வாண்டிலேயே ஐ.ஏ.பி. டெக் லேப் என்னும் அமைப்பு வகுத்தளித்தது 'ஆட்ஸ் டாட் டெக்ஸ்ட்' கோப்பு. வெறும் எழுத்துக் கோப்புதான். வரிக்கு ஒரு விற்பனையாளர்: சந்தையின் இணைய முகவரி, அங்கு அவருடைய கணக்கு எண், பின் 'டைரக்ட்' அல்லது 'ரீசெல்லர்' என்னும் சொல், இடையிடையே காற்புள்ளி. கணக்கு நம் கையிலிருந்தால் முன்னது. நம் அனுமதியுடன் பிறர் விற்றால் பின்னது. வாங்குவோரின் இயந்திரம் இதைப் படித்து, பட்டியலில் இல்லாதவரை ஒதுக்கிவிடலாம்.

கோப்பைத் தளத்தின் மூல முகவரியில் வைத்தல் வேண்டும். தளத்துக்கு உரியவரன்றிப் பிறர் அங்கு வைத்தல் அரிது. அதன் வலிமை முழுவதும் இதில்தான். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, கருவூலத்திலிருந்த மாதிரிக் கையொப்பத்தோடு ஒத்தாலன்றிச் சம்பளப் பட்டியல் பணமாகாது; ஏறக்குறைய அதே முறைதான். ஆனால் விளம்பரத்தைப் பார்ப்பவர் மெய்யான மனிதர்தாமா என்பதை இக்கோப்பு சொல்லாது.

கைப்பேசிச் செயலிகளுக்கென 2019-இல் 'ஆப் ஆட்ஸ் டாட் டெக்ஸ்ட்' வந்தது. செயலிக் கடையில் தயாரிப்பாளர் தம் இணையதளமாக எதைக் குறித்தாரோ, அங்கேதான் இயந்திரம் தேடும். குறித்த முகவரி ஒன்றும் கோப்பு வைத்த தளம் வேறொன்றுமாக இருந்தால் பயனில்லை. செயலி எழுதும் மாணவர்கள் முதற்கண் அவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.