குரல்வளையும் குரலின் கேடும்

(கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் தோட்டப் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



தைப்பூசம் முடிந்து பத்துமலையிலிருந்து திரும்புவோர் பலருக்கு மறுநாள் தொண்டை கட்டியிருக்கும். முழங்கிய குரல் கம்மிப் போகும். நான்கைந்து நாளில் மீண்டும் வரும். அதனைக் குறித்து நாம் கவலையுற வேண்டுவதில்லை. வாரக்கணக்காக மீளாத குரலைக் குறித்தே இன்று பேச வந்துள்ளோம். அத்தகைய குரலோடு வகுப்பறையில் பாடம் சொல்வோரும், பெரட்டில் பெயர் கூப்பிடும் மண்டோர்களும், கடைவாயிலில் நின்று கூவி விற்போரும் நம்மிடையே உளர். அது ஒரு நோய் என்று அவர்களுட் பலர் எண்ணுவதே இல்லை.

கழுத்தின் முன்புறத்தே விரல் வைத்து எச்சிலை விழுங்கினால், ஏறி இறங்கும் மேடு ஒன்று தட்டுப்படும். சங்கு என நாம் வழங்கும் அதுவே குரல்வளையின் முன்சுவர். கேடயம் போன்ற குருத்தெலும்பு. அதன் கீழே மோதிரம் போன்ற மற்றொரு குருத்தெலும்பு மூச்சுக்குழலின் தலைப்பில் அமர்ந்துள்ளது. உள்ளே, முன்னிருந்து பின்னாகக் குரல்நாண்கள் இரண்டு. நாண் என்றதும் வீணைத் தந்தி நினைவுக்கு வரலாம். இவை தந்திகள் அல்ல, தசையின்மேல் மெல்லிய சவ்வு போர்த்த மடிப்புகள். மூச்சு விடுகையில் விலகி நிற்கும். பேசுகையில் நெருங்கி, நுரையீரற் காற்றால் அதிரும். எழுந்த ஒலியை நாவும் பல்லும் இதழும் அண்ணமும் எழுத்தாக்குகின்றன. இம்முறையைத் தொல்காப்பியப் பிறப்பியல் அன்றே வகுத்துரைத்தது என்பதை ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

பேசும்போது ஆடவரின் நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 தடவையும், பெண்டிரின் நாண்கள் ஏறத்தாழ 200 தடவையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஓர் ஆசிரியை நாளொன்றுக்கு அரை மணி நேரமே ஒலி எழுப்பினார் என்று கொண்டாலும், 3 லட்சத்து 60 ஆயிரம் மோதல்கள் ஆகின்றன. பால்வெட்டுக் கத்தியைப் பிடித்த உள்ளங்கையில் காய்ப்பு ஏறுவதுபோல, ஓயாது மோதும் நாண்களிலும் சிறு காய்ப்புகள் தோன்றும். அவற்றால் நாண்கள் முழுமையாகப் பொருந்தா, இடைவெளியில் காற்றுக் கசியும், குரல் கரகரக்கும். நல்ல செய்தி யாதெனில், இக்காய்ப்புகளுக்குப் பெரும்பாலும் கத்தி வேண்டுவதில்லை. குரலுக்கு ஓய்வும் முறையான பயிற்சியும் தந்தால் அவை கரையும். இப்பயிற்சியை அளிக்கும் பேச்சுச் சிகிச்சையாளர்களை உருவாக்கும் பட்டப்படிப்பை மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கியது.

பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடைகளில் அதிமதுரமும் சித்தரத்தையும் பனங்கற்கண்டும் வாங்கிச் செல்வோரை நாம் குறைகூறவில்லை. தொண்டைக்கு அவை இதமளிக்கும். ஆயினும் விழுங்குகிற எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை. விழுங்கும் கணத்தில் குரல்வளை மூடி கவிந்து, உணவை உணவுக்குழலுக்குத் திருப்பிவிடும். தவறி ஒரு துளி நாண்மேல் விழுந்தாலும் புரையேறிவிடும்! கிசுகிசுத்துப் பேசுவதும் ஓய்வாகாது. அதிலும் நாண்கள் இறுக்கமுறும். அடிக்கடி தொண்டையைச் செருமுவதோ நாண்களை அறைந்து மோதவைக்கும். நீர் பருகுதலே மேல்.

கரகரப்புக்குக் காரணம் குரல்வளையிலேயே இருக்கவேண்டும் என்பதுமில்லை. இடப்புற நாணை இயக்கும் நரம்பு நேரே கழுத்துக்குச் செல்லாமல் மார்புக்குள் இறங்கி, இதயத்தினின்று எழும் பெருந்தமனியைச் சுற்றி மீண்டும் மேலேறி வருகிறது. ஆதலால் நுரையீரற் கட்டியொன்று முதன்முதலில் குரல் மாற்றமாகவே வெளிப்படலாம். புகைப்பவர்க்கு நாணிலேயே புற்றுநோய் தோன்றுதலும் உண்டு. நாணில் தோன்றும் புற்று தொடக்கத்திலேயே குரலைக் கெடுத்து நம்மை எச்சரிக்கிறது. அப்போதே காட்டினால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். எச்சரித்தும் கேளாதவர் சிலருக்குக் குரல்வளையையே அகற்ற நேர்கிறது. அவர்கள் கழுத்திலுள்ள துளைவழி மூச்சுவிட்டு, உணவுக்குழற் காற்றாலோ கழுத்தில் வைக்கும் மின்கருவியாலோ மீண்டும் பேசக் கற்கின்றனர்.

குரல் கெட்டவர் பலர் வெட்கி வாய்மூடியிருப்பதை நாம் காண்கிறோம். 1967 ஜனவரி 12ஆம் நாள் கழுத்தில் குண்டு பாய்ந்தபின் எம்.ஜி.ஆர். அவர்களின் பேச்சு முன்போல் தெளிவாக அமையவில்லை. எனினும் அவ்வாண்டே வெளிவந்த 'காவல்காரன்' படத்தில் தம் மாறிய குரலிலேயே பேசினார்; மக்கள் ஏற்றனர்; 1977இல் தமிழக முதலமைச்சரும் ஆனார். அவர் படங்களைத் தோட்டத் திடல்களில் பாய் விரித்துப் பார்த்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டா.

குரல்வளையைக் காண மருத்துவர் கத்தியெடுப்பார் என்ற அச்சமும் வேண்டா. 1854இல் மனுவேல் கார்சியா என்னும் இசையாசிரியர், பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடியையும் வெயிலையும் கொண்டே தம் குரல்நாண்கள் அசைவதைக் கண்டார். மருத்துவரல்லர், பாட்டு வாத்தியார்! இன்று மூக்கின் வழியே மெல்லிய குழாய்க் கருவியொன்றைச் செலுத்திச் சில நிமிடங்களில் பார்த்துவிடுகின்றனர்.

ஆகவே, கரகரப்பு மூன்று வாரத்தைக் கடந்தால் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். புகைப்பவராயின், கழுத்தில் கட்டியோ விழுங்குவதில் வலியோ இருப்பின், மூன்று வாரமும் காத்திராதீர்கள். மூச்சுத் திணறல் கண்டால் அன்றே மருத்துவமனை. கிளினிக்கில் தரும் கடிதத்துடன் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவை நாடலாம். குரல் மாறியது எந்நாள், இடையில் ஒருநாளாவது தெளிந்ததா, புகைத்தது எத்தனை ஆண்டு என மருத்துவர் கேட்பார்; முன்னதாகவே ஒரு தாளில் குறித்துக்கொண்டு செல்லுங்கள்.