ஏலமா, ஒப்பந்தமா? முதலில் விற்கும் உரிமை யாருக்கு?

(இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புகையிலையை ஏலத்தில் விற்பது நல்லதா, கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு விற்பது நல்லதா? விவசாயியும் கம்பெனியும் பேசித் தீர்க்க வேண்டிய இந்த விஷயத்தில், சாதி ஒழிப்பு பேசும் நமக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஆந்திராவின் கதையைக் கேளுங்கள், வேலை இருக்கிறது என்று தெரியும்.

சிகரெட்டுக்குப் போகும் வர்ஜீனியா புகையிலைக்கு ஒருகாலத்தில் வியாபாரி சொன்னதுதான் விலை. சரக்கை எடுத்துப் போய்விட்டு, பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். 1975-இல் சட்டம் வந்தது. 1976-இல் குண்டூரைத் தலைமையிடமாகக் கொண்டு புகையிலை வாரியம் அமைந்தது. கர்நாடகத்தில் 1984-லும் ஆந்திராவில் 1985-லும் வாரியமே ஏலம் நடத்தத் தொடங்கியது. ஒவ்வொரு சிப்பத்தையும் எடை போட்டு, எண் கொடுத்து, வரிசையாக வைப்பார்கள். ஒரே சிப்பத்துக்குப் பல கம்பெனி ஆட்கள் விலை கேட்பார்கள். விலை எல்லார் கண்ணுக்கும் தெரியும். கட்டாது என்றால் விவசாயி சிப்பத்தைத் திருப்பி எடுத்துப் போகலாம்.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. வாங்குபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஒரு பெரிய கம்பெனி ஒதுங்கி நின்றாலே விலை விழுந்துவிடும். 2015-இல் விலை சரிந்தபோது பிரகாசம் மாவட்டத்தில் புகையிலை விவசாயிகள் தற்கொலை செய்துகொண்டார்கள். 2020-இல் மாநில அரசின் மார்க்ஃபெட் நிறுவனமே ஏலத்தில் இறங்கிச் சரக்கு வாங்க வேண்டியிருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஏலம் என்று பொது இடம் ஒன்று இருந்ததால்தான் அரசால் உள்ளே வர முடிந்தது.

இப்போது ஒப்பந்தத்துக்கு வருவோம். விதை, உரம், முன்பணம் எல்லாம் கம்பெனி தரும். வங்கி வாசலில் கால் வைக்க முடியாத குத்தகைக்காரருக்கு இது பெரிய ஆசை காட்டும். அதை நாம் ஏளனம் செய்யக் கூடாது. ஆனால் அறுவடை முடிந்ததும் இலையைத் தரம் பிரிப்பது யார்? வாங்குகிற கம்பெனி. கடனைப் பிடிப்பது யார்? அதே கம்பெனி. முதல் தரம் என்று நீங்கள் நினைத்த இலையை மூன்றாம் தரம் என்று சொன்னால், வேறு எங்கே கொண்டுபோவீர்கள்?

ஜிம்பாப்வேயில் 2004-இல் ஒப்பந்த முறை வந்தது. இன்று அங்கே புகையிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒப்பந்தத்தில்தான் போகிறது. ஏலக் களம் இருக்கிறது, ஆனால் ஓரத்தில் இருக்கிறது. ஏலம் சுருங்கச் சுருங்க, கம்பெனி சொல்லும் விலையை உரசிப் பார்க்க உரைகல்லே இல்லாமல் போகும்.

ஆந்திராவிலேயே சான்று உண்டு. பர்லி என்ற வகை வாரியத்தின் ஏலத்துக்குள் வராது. கம்பெனிகள் நேரடியாக வாங்கும். நல்ல விலையைப் பார்த்து, கம்பெனிகள் வாங்கிக்கொள்ளும் என்று நம்பி ஏராளமானோர் பர்லி போட்டார்கள். 2025-இல் விளைந்து வந்தபோது கம்பெனிகள் பின்வாங்கின. மறுபடியும் மார்க்ஃபெட்தான் வர வேண்டியிருந்தது.

அந்த நெருக்கடியில் அதிகம் அடிபட்ட பெயர்களில் ஒன்று பருச்சூரு. அந்தத் தொகுதியில்தான் காரம்சேடு இருக்கிறது. ஆந்திராவில் ஏலம் தொடங்கிய அதே 1985-இல், ஜூலை 17 அன்று, குடிநீர்க் குளத்தை அசுத்தப்படுத்தியதைத் தட்டிக்கேட்டதற்காக மாதிகா மக்களை ஆதிக்கச் சாதி நிலவுடைமையாளர்கள் வெட்டிக் கொன்றார்கள். உயிர் பிழைத்தவர்கள் சீராலாவுக்கு ஓடி, முகாம் போட்டுப் போராடினார்கள். பணப்பயிரில் செழித்த மண் அது. விலை ஏறிய காலத்திலும் குளத்து நீர் எல்லாருக்கும் பொதுவாகவில்லை, தோழர்களே.

அதனால்தான் 'ஏலமா, ஒப்பந்தமா' என்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி கேட்கிறோம். விற்கும் உரிமை யார் பெயரில் இருக்கிறது? வாரியத்தில் பதிவு வேண்டும். இலையைப் பதப்படுத்தும் பார்னுக்கு உரிமம் வேண்டும். நிலமும் பார்னும் யாரிடம் இருக்கின்றன? நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி அவர்கள் சாகுபடி செய்யும் பரப்போ 9 சதவீதத்துக்கும் கீழே. ஆந்திராவில் 2019-இல் குத்தகை விவசாயிகளுக்கு அடையாள அட்டை தரச் சட்டம் வந்தது. ஆனால் அந்த அட்டைக்கும் நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும்!

இலை பறிப்பது, குச்சியில் கட்டுவது, பார்னில் ஏற்றுவது, தரம் பிரிப்பது எல்லாம் கூலிப் பெண்களின் கைகள். ஈர இலையில் இருக்கும் நிக்கோட்டின் தோல் வழியாக உடம்பில் ஏறும். தலைசுற்றும், வாந்தி வரும். ஏலச் சீட்டிலும் ஒப்பந்தத் தாளிலும் இந்தப் பெண்களின் பெயர் இல்லை.

இரண்டு தரப்பும் விரும்பித்தானே கையெழுத்துப் போடுகிறார்கள் என்பார்கள். அம்பேத்கர் 1947-இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலில் இதற்குப் பதில் சொல்லிவிட்டார். அரசு தலையிடாத சுதந்திரம் என்பது நிலக்கிழார் வாரத்தை உயர்த்தவும் முதலாளி வேலை நேரத்தைக் கூட்டவும் கிடைக்கும் சுதந்திரம்தான் என்றார். 2020-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த ஒப்பந்தப் பண்ணையச் சட்டம், தகராறு வந்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்கே போகக் கூடாது என்றது. விவசாயிகள் போராடி அதைத் திரும்பப் பெற வைத்தார்கள். தமிழ்நாட்டில் 2019-இலேயே இதற்குத் தனிச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

நம் நிலைப்பாடு இதுதான். ஏலம் என்ற பொது நிறுவனத்தைக் காப்பாற்ற வேண்டும், அதைத் திறந்துவிடவும் வேண்டும். பர்லியும் அதற்குள் வரட்டும். விலை விழுந்தால் அரசு வாங்குவது விதியாகட்டும். உழுகிறவர் பெயரில் பதிவு கொடுங்கள். நில உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் குத்தகைக்காரருக்கு வங்கிக் கடன் கொடுங்கள். கூலியும் கையுறையும் மருத்துவமும் உரிமத்தின் நிபந்தனையாகட்டும். புகையிலையை விட்டு வேறு பயிருக்கு மாற உதவி தரும்போது, நிலமில்லாத கூலியாளுக்கும் அதில் பங்கு எழுதுங்கள்.

விலைக்காகப் போராடும் விவசாயியோடு நாம் நிற்போம். அவர் வயலில் இலை கட்டும் பெண்ணின் கூலி பற்றியும் அதே மேடையில் பேசுவோம்.