ஆண்டுக்கு ஓர் அளவு

(திருக்குடும்ப விழாவன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இன்றைய முதல் வாசகத்தில், பால்குடி மறந்த சாமுவேலை அன்னா சீலோவில் ஆண்டவரின் இல்லத்தில் ஒப்படைப்பதைக் கேட்டோம். வாசகம் அங்கே முடிந்துவிடுகிறது. வீட்டுக்குப் போனதும் அடுத்த அதிகாரத்தையும் திறந்து பாருங்கள். ஆண்டுதோறும் கணவரோடு பலி செலுத்த வரும்போதெல்லாம், அன்னா பிள்ளைக்கு ஒரு சின்ன மேலங்கி செய்து கொண்டுவருவார் என்று ஒரே ஒரு வசனம் இருக்கிறது (1 சாமு 2:19). அவருக்கு அளவு எப்படித் தெரிந்தது? ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பார்க்கிற பிள்ளை. போன ஆண்டின் அளவு இந்த ஆண்டு பத்தாதே!

நீலகிரியில் உறைபனி விழும் மாதங்கள் இவை. எங்கள் பங்கில் மாலை செபமாலை முடிந்ததும் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிறோம். பங்குத்தந்தையும் அதில் உண்டு. பின்னுவதைவிடப் பிரிப்பதே அதிகம் என்று கேலியும் உண்டு. நாங்கள் எல்லாருமே மெதுவாகப் பின்னுகிறவர்கள். அங்குலத்துக்கு ஐந்து கண்ணி என்று வைத்தால், வளர்ந்த ஒருவருக்கான ஸ்வெட்டரில் உடம்பும் இரு கைகளுமாக ஐம்பதாயிரம் கண்ணிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். நிமிடத்துக்கு இருபது கண்ணி, நாளுக்கு அரைமணி நேரம் என்றால் மூன்று மாதம் போய்விடுகிறது. கடையில் வாங்கினால் பத்து நிமிட வேலை. ஆனாலும் பின்னுகிறோம்.

எங்களோடு பின்னுகிற ஒரு தாயைப் பற்றி அவருடைய அனுமதியோடு சொல்கிறோம். அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். மணிக்கணக்கில் எந்திரங்கள் துணி பின்னும் ஊர், வெயிலும் கூடிய ஊர். அங்கே ஸ்வெட்டர் எதற்கு என்று நாங்களும் கேட்டோம். "இங்க வந்தா போட்டுக்கட்டும் சாமி" என்றார். ஒரு சண்டைக்குப் பிறகு மகன் வரவில்லை. இரண்டு கிறிஸ்துமஸ் கடந்துவிட்டது. பேச்சும் இல்லை.

பள்ளி முடித்த ஆண்டில் மகன் விட்டுப்போன சட்டையை அளவாக வைத்துத்தான் பின்னினார். மார்பு முப்பத்துநான்கு, தளர்வுக்கு இரண்டு, ஆக முப்பத்தாறு அங்குலம், நூற்றெண்பது கண்ணி. முக்கால் உடம்பு முடிந்தபோது பக்கத்திலிருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, பையன் இன்னுமா அந்தச் சட்டைக்குள்ள இருப்பான்?" ஊசி நின்றுவிட்டது. அன்று அவர் எதுவும் பேசவில்லை.

இன்றைய நற்செய்தியில் பன்னிரண்டு வயது இயேசுவைத் தேடி மரியாவும் யோசேப்பும் மூன்று நாள் அலைகிறார்கள் (லூக் 2:41-52). உறவினர்களிடையே, வழக்கமாக அவர் இருக்கக்கூடிய இடங்களில் முதலில் தேடுகிறார்கள். கண்டபிறகும் அவர் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை. பிள்ளை அவர்கள் மனத்தில் வைத்திருந்த அளவைத் தாண்டி வளர்ந்திருந்தார். நம் வீட்டுச் சண்டைகள் பலவும் இப்படித்தான். நாம் பழைய சட்டையை வைத்துக்கொண்டு, பிள்ளை ஏன் அதற்குள் வரவில்லை என்று கோபப்படுகிறோம். பெற்றோரைப் பிள்ளைகள் பார்ப்பதும் அப்படியே; பத்து வயதில் அடித்த அப்பாவாகவே அறுபது வயது அப்பாவையும் பார்ப்பார்கள்.

அந்தத் தாய் மறுவாரம் முழுவதையும் பிரித்தார். பிரித்த கம்பளி நூல் சுருள்சுருளாக, நூடுல்ஸ் போல இருக்கும். அதைச் சிட்டமாகச் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, தொங்கவிட்டுக் காயவைத்தால் சுருக்கம் பெருமளவு போய்விடும். நூல் வீணாவதில்லை, அத்தனை நாள் உழைப்பு போனது போனதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் புது அளவு வேண்டுமே. அதைக் கேட்க ஒரே ஒருவர்தான் உண்டு. மூன்று நாள் தயங்கி, நான்காம் நாள் போன் செய்திருக்கிறார். மன்னிப்பு, சமாதானம் எதையும் பேசத் தெரியவில்லை. "மார்பளவு எவ்வளவுப்பா?" என்று மட்டும் கேட்டாராம். அந்தப் பக்கம் வெகுநேரம் எந்திர இரைச்சல் மட்டும் கேட்டதாம். பிறகு, "முப்பத்தெட்டும்மா. கை கொஞ்சம் நீளமா வைங்க."

இப்போது இருநூறு கண்ணி. உடம்பு முடிந்து, இடக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. தோளிலிருந்து கீழ்நோக்கிப் பின்னுகிறார். மணிக்கட்டுப் பட்டியை மட்டும் முடிக்கவில்லை. வந்து போட்டுப் பார்த்தபிறகு முடித்துக்கொள்ளலாமாம்.